கைக்கு ஒரு கிலோ மணல்

செக்கரம்மாவிடம் ஒரு நல்ல செய்தியைச் சொல்லிப் பாருங்கள். முதலில் உங்கள் முகத்தைப் பார்ப்பாள். அப்புறம் உங்களுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்ப்பாள். அதற்கும் அப்புறம்தான், "யார் சொன்னது?" என்று கேட்பாள். பால்காரர் சிரித்துக்கொண்டே பால் ஊற்றினால் பாலை முகர்ந்து பார்ப்பாள். பஸ் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றால், இது வேறு எங்கோ போகிற பஸ் என்று ஏறாமல் நிற்பாள். அப்படி நின்று ஒரு தடவை வேலைக்கே தாமதமாகப் போனாள். அதற்கும் பஸ்ஸைத்தான் திட்டினாள்.

பிறவிக் குணம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. பாதி, அவள் பார்த்த வேலை செய்த வேலை. சட்டை தைக்கிற கம்பெனியில் பதினேழு வயதில் நூல் வெட்டச் சேர்ந்தவள். செக்கர் மேஜைக்கு வந்தே இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. தைத்து முடித்த சட்டைகள் அந்த மேஜைக்குக் குவியலாக வரும். தலைக்கு மேலே டியூப்லைட். இடது கையால் ஒரு பீஸைத் தூக்கி, வெளிச்சத்தில் காட்டி, புரட்டி, உதறிப் பார்க்க வேண்டும். வலது கையில் சின்னக் கத்தரி. தொங்குகிற நூலை அதைக்கொண்டு வெட்ட வேண்டும். குறை கண்ணில் பட்டால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ஓரமாகத் தள்ள வேண்டும். ஒரு நாளைக்கு எழுநூறு பீஸ், நின்றபடியே. சட்டை அழகாக இருக்கிறது என்று சொல்வதற்காக அவளை அங்கே யாரும் நிறுத்தி வைக்கவில்லை. காலர் கோணலா, பட்டன் தொங்கலா, தையல் ஒரு இன்ச்சுக்குப் பன்னிரண்டு இருக்கிறதா, பத்தாகக் குறைந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். தையலை எண்ணக்கூட மாட்டாள், கட்டைவிரலால் ஒரு தரம் தடவினால் போதும். அவள் பாஸ் செய்து அனுப்பிய சட்டைகள் திரும்பி வந்ததாக அந்தக் கம்பெனியில் சரித்திரமே இல்லை. பெயரை விட்டுவிட்டு எல்லாரும் செக்கரம்மா என்று கூப்பிட ஆரம்பித்ததும் இப்படித்தான்.

மீதிப் பாதிக்கு ஒரு மருந்து பாட்டில் காரணம். மகளுக்கு ஐந்து வயதில் காய்ச்சல். கடையில் கொடுத்த மருந்தின் வாசனை அவளுக்குச் சரிப்படவில்லை. கடைக்காரர் அதேதான் என்று சாதித்தார். புருஷன், கொடுத்துத் தொலை, பிள்ளை அனத்துகிறது என்றான். அவள் மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்று, கொதிக்கிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் திரும்பிப் போனாள். பாட்டிலைப் பார்த்த டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பெரியவர்களுக்கான மருந்து, அதுவும் வேறு எதற்கோ. ஒரு மூடி போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அன்றைக்கு அவள் சந்தேகப்பட்டது சரியாகப் போனது பாருங்கள், அதோடு முடிந்தது கதை. அதற்குப் பிறகு அவளை யாராலும் தடுக்க முடியவில்லை.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் இருட்டுக் குழிக்குள் தலைகீழாகத் தொங்கிவிட்டு வருகிறவன், வீட்டில் வாயைத் திறப்பது குறைவு. அவளுடைய சந்தேகங்களை மழை மாதிரி எடுத்துக்கொள்வான். குடை இருந்தால் பிடிப்பான், இல்லாவிட்டால் நனைவான்.

மகளுக்கு இப்போது இருபத்தாறு. அவள் வேலை பார்ப்பதும் மருந்துக்கடையில்தான், மதிய ஷிஃப்ட். மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தக் கடைக்குப் பின்னால் இருந்த அட்டைப்பெட்டிக் கிடங்கு தீப்பிடித்தது. தீயணைப்பு வண்டியில் வந்தவர்களில் ஒருத்தி பெண். தோளில் தண்ணீர்க் குழாயைச் சுமந்துகொண்டு ஏணியில் ஏறினாள். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்த மகள் கை கழுவக்கூட இல்லை, நான் அந்த வேலைக்குத்தான் போகப் போகிறேன் என்றாள். எழுத்துத் தேர்வில் பாஸ். உயரம், ஏணி, மூட்டை தூக்குவது எல்லாவற்றிலும் பாஸ். ஓட்டத்தில் மட்டும் உதை வாங்கினாள். மைதானத்தை நாலு சுற்று ஓட வேண்டும், ஏழரை நிமிஷத்துக்குள். போன வருஷம் பதினோரு செகண்டில் போயிற்று. இருபத்தேழு வயது ஆகிவிட்டால் விண்ணப்பமே போட முடியாது, அதனால் இந்த வருஷம்தான் கடைசி. வீட்டில் மூன்று பேருக்கும் இது தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வதில்லை.

விடிகாலையில் மைதானத்தில் ஏழெட்டுப் பெண்களை ஓடவைக்கிற பயிற்சியாளர் ஒருத்தி உண்டு. முப்பத்தைந்து வயது இருக்கும். எப்போதும் கழுத்தில் விசில் தொங்கும், அதனால் விசில் என்றே பெயர். செக்கரம்மாவுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. இவ்வளவு காலையில் ஊரார் பெண்களுக்காக எழுந்து வருகிறவளுக்கு உள்நோக்கம் இல்லாமலா இருக்கும்? என்ன உள்நோக்கம் என்று கேட்டால் பதில் கிடையாது. அது தெரிந்துவிட்டால் அப்புறம் அது உள்நோக்கமா என்ன என்பாள்.

தேர்வுக்கு நாலு மாதம் இருக்கும்போது ஒரு நாள் மகள் வந்து, கைக்கு ஒரு கிலோ எடையைப் பிடித்துக்கொண்டு ஓடிப் பழகப் போகிறேன், இரண்டு டம்பெல் வாங்க வேண்டும் என்றாள். எடையோடு மாதக்கணக்கில் ஓடிவிட்டுத் தேர்வு அன்று வெறுங்கையோடு ஓடினால் றெக்கை முளைத்த மாதிரி இருக்குமாம். பதினோரு செகண்ட் என்ன, இருபது செகண்டே குறையுமாம். செக்கரம்மாவுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. இது விசில் வேலைதான், சந்தேகமே இல்லை என்று முடிவுகட்டினாள். சந்தேகமே இல்லை என்று அவள் சொன்னால் முழுக்க சந்தேகம்தான் என்று அர்த்தம்.

மறுநாள் கம்பெனியில் விசாரணை ஆரம்பம். காலர் தைக்கிறவளின் தம்பி இப்படி எடையோடு ஓடி முழங்கை வீங்கி ஆறு மாதம் சோப்பைக்கூடப் பிடிக்க முடியாமல் கிடந்தானாம். பட்டன் மெஷினில் இருக்கிறவள், அதெல்லாம் சும்மா, என் அக்கா அப்படித்தான் ஓடி உடம்பு இளைத்தாள் என்றாள். கடைசியில் முதலுதவி அறை நர்ஸிடமே போய் நின்றாள். நர்ஸ் நிதானமாகத்தான் சொன்னாள். ஓடும்போது கை தானாக ஆடுகிறது. நுனியில் எடை இருந்தால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அது தோளையும் முழங்கையையும் பிடித்து இழுக்கும். மணிக்கட்டு நோகும், ஓடுகிற தோரணையே மாறிப்போகலாம். கொஞ்சம் நன்மையும் உண்டு, மூச்சு கூடுதலாக உழைக்கும், கை வலுப்படும். ஆனால் நன்மை சின்னது. நடக்கும்போது வைத்துக்கொண்டால் பாதகமில்லை, ஓடுவதற்கு வேண்டாம். அடம்பிடித்தால் ரொம்ப லேசாக, அதுவும் இரண்டு கைக்கும் சரிசமமாக இருக்கட்டும். இவ்வளவையும் கேட்டுவிட்டு வெளியே வந்த செக்கரம்மாவின் காதில் தங்கியது தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றும்தான். மற்றதெல்லாம் அந்த அறையிலேயே நின்றுவிட்டது.

நேராகப் போய் மகளிடம் சொல்லியிருக்கலாம். நர்ஸ் இப்படிச் சொன்னாள், எனக்குப் பயமாக இருக்கிறது, வேண்டாம் என்று நாலு வார்த்தை. சொன்னால் மகள் கேட்கவா போகிறாள், எதிர்த்துப் பேசிவிட்டு வாங்கத்தான் போகிறாள் என்று அவளே கேள்வி கேட்டு அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். மகளிடம் சொன்னது வேறு. "இரும்பு எதுக்குடி, கை கொப்பளிச்சுப் போகும். நானே தைச்சுத் தர்றேன்."

மகளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அம்மா ஒரு விஷயத்துக்கு உடனே சரி என்று சொல்லி அவள் பார்த்ததே இல்லை. அந்த இடத்தில் அந்தப் பெண் கொஞ்சம் சந்தேகப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தக் குணம் மட்டும் அவளுக்கு அம்மாவிடமிருந்து வரவில்லை.

பழைய ஜீன்ஸ் துணியை இரட்டையாக மடித்து, சலித்த மணலைப் போட்டு, கட்டைவிரல் நுழைய வளையமும் மணிக்கட்டைச் சுற்றப் பட்டையும் வைத்து இரண்டு பை தைத்தாள். கையுறை மாதிரி இடது வேறு, வலது வேறு. காய்கறிக்கடைத் தராசில் வைத்து இரண்டும் சரியாக ஒரு கிலோ என்று மகளே பார்த்துக்கொண்டாள். அவ்வளவு அழகான வேலை. கடையில் விற்றால் சண்டை போட்டு வாங்குவார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மகள் மருந்துக்கடைக்குப் போனதும் செக்கரம்மா கதவைத் தாழ்போட்டாள். பைகளை எடுத்து, கட்டைவிரல் பக்கத்துத் தையலை நாலு விரல் நீளத்துக்குப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் மணலை எடுத்துவிட்டு, பழைய ஊசித் துளையிலேயே ஊசியை விட்டுத் தைத்து மூடினாள். அவளைத் தவிர வேறு யாராலும் கண்டுபிடிக்க முடியாத தையல். தராசு எதற்கு? இடது பையை இடது கையிலும் வலது பையை வலது கையிலும் தூக்கிப் பார்த்தாள். வலது கனமாகத் தெரிந்தது. அதிலிருந்து இன்னும் ஒரு ஸ்பூன் எடுத்தாள். இப்போது சரியாக இருந்தது. எடுத்த மணலை ஜன்னல் வழியாகக் கொட்டிவிட்டுக் கை கழுவினாள்.

வாராவாரம் இதே வேலை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால் தெரியாது, தேர்வு வருவதற்குள் வெறும் துணியைப் பிடித்துக்கொண்டு ஓடட்டும், தோளும் பிழைக்கும், மனசும் நோகாது என்பது அவள் திட்டம். புருஷனிடம்கூட மூச்சுவிடவில்லை. ஊரில் உள்ள எல்லாரையும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள், சொந்த வீட்டில் சொந்தப் பிள்ளைக்கு எடையைக் குறைத்துக்கொண்டிருந்தாள். அதை அவள் ஏமாற்று என்று நினைக்கவேயில்லை. காபந்து பண்ணுகிறேன் என்றுதான் நினைத்தாள். இந்த இடத்தில் எனக்கே அவள் மேல் கோபம் வருகிறது. ஆனால் அந்த மருந்து பாட்டிலை நினைத்தால் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை.

ஒரு மாதம் போனது. மகள் வேகம் கூடியிருக்கிறது என்றாள். ஒரு கிலோ இப்போதெல்லாம் ஒன்றுமே தெரியவில்லை, கை நன்றாகப் பழகிவிட்டது என்று அப்பாவிடம் பெருமை அடித்துக்கொண்டாள். செக்கரம்மா பாத்திரம் கழுவுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எல்லாம் நல்லபடியாகத்தான் போகிறது என்று முதல் தடவையாக நம்பினாள்.

மூன்றாவது மாத முடிவில் மகள் இடது தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். முதல் நாள் பிசகு என்றாள். நாலாம் நாள் சட்டைக்குள் கையை விடவே முடியவில்லை, செக்கரம்மாதான் மாட்டிவிட்டாள். இவ்வளவு குறைத்தும் வலிக்கிறது என்றால் குறைக்காமல் விட்டிருந்தால் கையே போயிருக்கும் என்று நினைத்தாள். தேர்வுக்கு இன்னும் பதினாறு நாள்.

மகள் குளிக்கப் போன நேரத்தில் பைகளைத் தூக்கினாள். தூக்கியதுமே புருவம் ஏறியது. இரண்டும் கனமாக இருந்தன, அவள் விட்டுவைத்ததைவிடக் கனமாக. இத்தனை ஞாயிறும் ஒரு பையை இன்னொன்றோடு ஒப்பிட்டதோடு சரி, மொத்தம் எவ்வளவு என்று பார்த்ததேயில்லை, கட்டைவிரல் பக்கத்தைத் தாண்டியதும் இல்லை. இப்போது கட்டைவிரலால் ஓரம் முழுக்கத் தடவிக்கொண்டே போனாள். சுண்டுவிரல் பக்கம் வந்ததும் விரல் நின்றுவிட்டது. நூல் அதே நிறம்தான். ஆனால் தையல் அவளுடையது இல்லை. இன்ச்சுக்கு எட்டு, அதுவும் ஒன்று பெரிசு ஒன்று சின்னது. யாரோ பிரித்து மணலை அள்ளிப் போட்டு மூடியிருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ, அந்த விசில்தான். ஓட்டத்துக்குப் பிறகு பைகளெல்லாம் மைதானத்து மரத்தடியில்தான் கிடக்கும். என் பிள்ளைக்குத் தெரியாமல் எடையைக் கூட்டிக் கூட்டி, அவள் தோளை உடைத்து, தனக்கு வேண்டியவள் யாரையோ முன்னால் அனுப்பப் பார்க்கிறாள். இருபத்திரண்டு வருஷம் தையலைப் பார்த்த விரல் பொய் சொல்லுமா? விரல் பொய் சொல்லவில்லை, பாவம். மிச்சத்தைச் சொன்னதெல்லாம் அவளேதான்.

மறுநாள் காலை ஷிஃப்டுக்கு லீவு சொல்லிவிட்டு, இரண்டு பையையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு, மகள் கிளம்பிக் கால்மணி நேரம் கழித்து மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார்கள். மகள் ஓடாமல் தோளுக்குச் சின்னச் சின்ன அசைவுகள் செய்துகொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் எழுந்தாள். செக்கரம்மா அவளைத் தாண்டிப் போய் விசிலின் காலடியில் பைகளைப் போட்டாள்.

எதற்காகப் பையைத் தொட்டாய், யாருக்காக என் பெண்ணை முடமாக்கப் பார்க்கிறாய் என்று கேட்டாள். கேட்டாள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அடுத்த தெருவில் பால் வாங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட நின்று திரும்பிப் பார்த்தார்கள். விசில் கடைசிவரை கேட்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"அக்கா, எடையே வேண்டாம்னு முதல் வாரமே சொன்னது நான்தான். நடக்கும்போது வேணா வச்சுக்கோ, ஓடும்போது வேண்டாம்னேன். உங்க பொண்ணுதான் கேக்கல. எங்க அம்மாவே தைச்சுக் குடுத்திருக்காங்கன்னு சொன்னா. அம்மாவே சரின்னு சொன்ன பிறகு நான் என்ன சொல்ல?"

இந்தப் பதிலைச் செக்கரம்மா எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் விடவில்லை. பொய் சொல்லாதே, தையலே காட்டிக்கொடுக்கிறது என்றாள். குனிந்து பையை எடுத்துச் சுண்டுவிரல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"இது என் தையலா? நான் பிரிக்கிறது கட்டைவிரல் பக்கம். இது சுண்டுவிரல் பக்கம் பிரிச்சிருக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. காலை நீட்டிக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக நிறுத்தினார்கள்.

"அது நான் பிரிச்சதும்மா," என்றாள் மகள். "எடை லேசாத் தெரிஞ்சுச்சு. கை பழகிடுச்சு போலன்னு மணல் போட்டேன். நாலு தடவை போட்டேன். சொன்னா நீ கத்துவேன்னுதான் சொல்லல." அம்மாவின் கையிலிருந்த பையை வாங்கிக் கட்டைவிரல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "நீ எதுக்கும்மா பிரிச்ச?"

செக்கரம்மா குனிந்து இன்னொரு பையைப் பொறுக்கி எடுத்துக்கொண்டாள். மைதானத்தில் இருந்து வீடு வரைக்கும் இருவரும் ஒரே தெருவில் நடந்தார்கள், ஆனால் சேர்ந்து நடக்கவில்லை.

வீட்டில் புருஷன் வேலைக்குக் கிளம்பத் தயாராக இருந்தான். மகள் நடந்ததை அப்பாவிடம் நாலே வரியில் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, துடைப்பக் கட்டையை எடுத்து நடுவில் கயிற்றைக் கட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டான். ஒரு முனையில் இடது பை, இன்னொரு முனையில் வலது பை. லிஃப்டில் ஒரு பக்கம் பெட்டி, ஒரு பக்கம் எடைக்கட்டி என்று ஆயுசு முழுக்கப் பார்க்கிறவனுக்கு அதுதான் முதலில் தோன்றியது. கட்டை ஒரு நிமிஷம்கூட நேராக நிற்கவில்லை. இடது பக்கம் தடாலென்று இறங்கியது.

காய்கறிக்கடைக்கு மகள் தனியாகப் போய் நிறுத்துக்கொண்டு வந்தாள். இடது ஆயிரத்து நூற்று இருபது கிராம். வலது எண்ணூற்று ஐம்பது. நான் ஒவ்வொரு தடவையும் இரண்டிலும் ஒரே டம்ளரால் அளந்துதான் போட்டேன் என்றாள். இடது கை கனத்தபோதும், இடது கைதானே வலு குறைந்தது, உழைக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினாளாம்.

தராசில் வைக்கவில்லை, இந்தக் கையில் இதையும் அந்தக் கையில் அதையும் தூக்கிப் பார்த்துத்தான் எடுத்தேன் என்று செக்கரம்மா தன் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் காட்டினாள். புருஷன் அவள் கைகளைப் பார்த்தான். அவனும் அவளும் ஒரே நேரத்தில்தான் புரிந்துகொண்டார்கள். இருபத்திரண்டு வருஷமாக ஒரு நாளைக்கு எழுநூறு சட்டையைத் தூக்கிப் புரட்டியது அவளுடைய இடது கை. வலது கை கத்தரியைத் தவிர வேறு எதையும் சுமந்ததில்லை. இடது கைக்கு எதுவுமே லேசு. அந்தக் கையை வைத்து எடைபோட்டு, சரியாக இருக்கிறது என்று நம்பி, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வலதிலிருந்து ஒரு ஸ்பூன் கூடுதலாக எடுத்துக்கொண்டே வந்திருக்கிறாள். உலகத்தில் யாரையும் நம்பாதவள் நம்பியது அந்தக் கையை மட்டும்தான்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல," என்றான் புருஷன். துடைப்பத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போனான். அவன் திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டவாவது முடிந்திருக்கும்.

அன்றே விசிலிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். அது அவளுக்குச் சுலபமாக இல்லை. விசில், பரவாயில்லை அக்கா என்றாள். அது உண்மையிலேயே பரவாயில்லையா, சும்மா சொல்கிறாளா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்து, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது தன்மேலேயே எரிச்சல் பட்டாள்.

பைகளைக் கீழே போடச் சொல்லிவிட்டாள் விசில். ஒரு வாரம் ஓட்டம் கிடையாது, தோளுக்கு ஓய்வு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக, வெறுங்கையோடு. எட்டாம் நாள் ஓடிப் பார்த்தபோது ஏழு நிமிஷம் நாற்பத்தைந்து செகண்ட். பன்னிரண்டாம் நாள் ஏழு முப்பத்தாறு. செக்கரம்மா எதையும் கேட்கவில்லை. மகள் அப்பாவிடம் சொல்வதை அடுப்படியில் நின்று காதில் வாங்கிக்கொண்டாள். மகள் அவளிடம் பேசாமல் இல்லை. சாப்பாடு போடு, துணி காய்ந்துவிட்டதா, சாவி எங்கே என்று எல்லாம் பேசினாள். அந்தப் பேச்சுதான் அவளைக் கொன்றது.

தேர்வு அன்று நானும் வரட்டுமா என்று கேட்கத் தொண்டைவரை வந்தது. மகள் அதற்கு முன்பே, நீ வர வேண்டாம்மா, நான் போய்விட்டு வருகிறேன் என்றாள். செக்கரம்மா வேலைக்குப் போனாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, பாக்கெட் வைக்காத ஒரு சட்டையைக் கண்டுகொள்ளாமல் பாஸ் செய்தாள். பக்கத்து மேஜைக்காரி கவனித்து எடுத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, உடம்பு சரியில்லையா என்றாள். அரை நாள் லீவு போட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மகள் அவளுக்கு முன்பே வந்திருந்தாள். ஷூவைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இருந்தாலும் கேட்காமல் எப்படி இருப்பது.

"எவ்வளவு?"

"ஏழு முப்பத்து நாலு."

நாலு செகண்ட். ஒரு தும்மல் போடுகிற நேரம். செக்கரம்மா மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது, அழ எனக்கு என்ன யோக்கியதை என்று அடக்கினாள். மகள் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள். இடது கையை இன்னும் பார்த்துத்தான் அசைத்தாள்.

"என்னாலதான்டி," என்றாள் செக்கரம்மா. "நான் அதுல கை வைக்காம இருந்திருந்தா நீ ஓடியிருப்பே. வாயத் தொறந்து சொல்லிடு. திட்டிடு."

மகள் ஒரு ஷூவைக் கழற்றி வைத்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. களைப்பு இருந்தது.

"உன்னாலன்னு தெரிஞ்சா திட்டிடுவேன்மா. நீ மணல் எடுக்கலன்னா ஒரு கிலோவோட ஓடி ஜெயிச்சிருப்பேனா, இல்ல ரெண்டு தோளும் போயிருக்குமா? நான் மணல் போடாம இருந்திருந்தா? நர்ஸ் சொன்ன மாதிரி எடையே தொடாம இருந்திருந்தா? போன வருஷத்துக்கு ஏழு செகண்ட் குறைஞ்சிருக்கே, அது எடையாலயா, இல்ல நான் தினம் ஓடினதாலயா? எதுவும் தெரியாது. ரெண்டு பேரும் கலைச்சு வச்சிட்டோம். இனிமே எப்பவும் தெரியாது."

நர்ஸ் சொன்னது இவளுக்கு எப்படித் தெரியும் என்று செக்கரம்மா நிமிர்ந்து பார்த்தாள். பழக்கம், எங்கே போகும். மகள் அந்தப் பார்வையைப் புரிந்துகொண்டாள்.

"போன வாரம் உன் கம்பெனிக்கு வந்து அவங்களைப் பாத்தேன். தோளைக் காட்ட வந்தேன். நீ நாலு மாசம் முன்னாடியே வந்து கேட்டுட்டுப் போனதா சொன்னாங்க. அவ்வளவு தெரிஞ்சும் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேம்மா. நீ பயப்படறேன்னு தெரிஞ்சிருந்தா நான் எடையைத் தொட்டே இருக்க மாட்டேன்."

இன்னொரு ஷூவையும் கழற்றி இரண்டையும் ஜோடியாக ஓரத்தில் வைத்தாள். மதிய ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்து முகம் கழுவப் போனாள்.